நீரளவைக் கருவிகளும் அரசுக் கொள்முதலும்

ஆற்றில் எவ்வளவு நீர் ஓடுகிறது, நிலத்தடி நீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பவற்றை அறியாமல் பாசனத்தையோ, வெள்ள எச்சரிக்கையையோ, மாநிலங்களுக்கிடையிலான நீர்ப் பங்கீட்டையோ திட்டமிட இயலாது. நெடுங்காலம் மட்டக்கோலையும் அளவு நாடாவையும் கொண்டு பணியாளர்களே இவ்விவரங்களைத் திரட்டி வந்தனர். உலக வங்கியின் உதவியுடன் 1995இல் தொடங்கப்பெற்ற நீரியல் திட்டம், தானியங்கிப் பதிவுக் கருவிகளுக்கு வழிவகுத்தது. 2016இல் ஏறத்தாழ ரூ. 3,680 கோடி மதிப்பிலான தேசிய நீரியல் திட்டத்திற்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. இத்தகைய செலவின் பயன், கருவிகளை எவ்வாறு வாங்குகிறோம் என்பதைப் பெரிதும் சார்ந்துள்ளது.

விவரக்குறிப்பின் இன்றியமையாமை

தேவைக்கேற்பத் தெளிவான விவரக்குறிப்பு வகுக்கப்பட வேண்டும்; தேவையற்ற அம்சங்களால் வீண்செலவு நேரக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் கூறும் நெறியாகும். கிணற்றினுள் இறக்கப்படும் அழுத்த உணரியை எடுத்துக்கொள்வோம். அதன் பிழை முழு அளவீட்டு எல்லையில் 0.1 விழுக்காடு எனில், 10 மீட்டர் எல்லை கொண்ட கருவியில் அது 1 சென்டிமீட்டர். 50 மீட்டர் கருவியிலோ 5 சென்டிமீட்டர். மாறாக, நீர்மட்டம் 20 மீட்டர் ஏறி இறங்கும் கிணற்றில் 10 மீட்டர் கருவியைப் பொருத்தினால் ஆண்டின் ஒரு பகுதியில் அது பயன்படாது. எனவே, அனைத்து இடங்களுக்கும் ஒரே குறிப்பை எழுதுவது பொருந்தாது. வெள்ளத்தில் மரங்களும் வண்டலும் அடித்து வரும் ஆறுகளில், நீரைத் தொடாமல் பாலத்திலிருந்தே மட்டத்தை அளக்கும் ரேடார் கருவி ஏற்றதாகும்.

விலையும் செலவும்

நுட்பம் மிகுந்த கருவிகளுக்கு இரட்டை உறை முறையை விதிகள் அனுமதிக்கின்றன. முதலில் தொழில்நுட்ப உறை ஆராயப்படும். தகுதி பெற்றோரின் விலைப்புள்ளி மட்டுமே பின்னர் திறக்கப்படும். அவர்களுள் குறைந்த விலை கூறியவரைத் தேர்வது பொதுவான வழக்கம். ஆயின் கருவியின் விலை மொத்தச் செலவில் ஒரு பகுதியே. பொருத்துதல், மின்கலம், தகவல் அனுப்பும் கட்டணம், உதிரிபாகம், பழுதுநீக்கம், பணியாளர் பயிற்சி ஆகிய அனைத்தும் ஒப்பந்தப்புள்ளியிலேயே கணக்கிடப்பட வேண்டும். இவற்றை விடுத்தால், மலிவாக வாங்கிய கருவி இரண்டொரு பருவமழைக்குள் மௌனமாகிவிடும். பதிவுகளை எந்தக் கணினியிலும் படிக்கத்தக்க வடிவில் தர வேண்டும் என்ற நிபந்தனையும் தேவை. இல்லையேல் துறை ஒரே நிறுவனத்தின் மென்பொருளுக்குக் கட்டுப்பட நேரும்.

ஏற்புச் சோதனை

பெட்டிகளை எண்ணிப் பெற்றுக்கொள்வது ஏற்பு ஆகாது. பொருத்திய இடத்தில், மட்டக்கோல் அளவுடன் கருவியின் அளவைச் சில வாரங்கள் ஒப்பிட்ட பின்னரே சான்று வழங்குதல் நன்று. நீரோட்டமானிகளைக் குறித்த காலத்தில் சோதித்துத் திருத்தவும் வேண்டும். புனேயிலுள்ள மத்திய நீர் மற்றும் மின்விசை ஆராய்ச்சி நிலையத்தில் இவ்வசதி உண்டு. கட்டணத்தின் ஒரு பகுதியை, தடையின்றிக் கிடைக்கும் பதிவுகளின் விழுக்காட்டோடு இணைத்தால் வழங்குநரின் பொறுப்பு தொடரும்.

பழுதான கருவி விவரம் தராது. பிழையான கருவியோ பொய் விவரம் தரும். அதை நம்பி அணையின் மதகுகள் திறக்கப்படலாம். கரையோர மக்களுக்குரிய எச்சரிக்கை தவறலாம். ஆதலின் அரசு உண்மையில் வாங்குவது பல்லாண்டுகளுக்கான நம்பத்தக்க பதிவையே என்பதைக் கொள்முதல் அலுவலர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.