கோப்பைகள் சொல்லும் வரலாறு

நுழையும்முன்

விளையாட்டுத் திடலில் எழும் ஆரவாரம் அன்றைய மாலையிலேயே அடங்கிவிடுகிறது. அதன்பின் எஞ்சியிருப்பவை ஒரு கோப்பை, ஒரு பதக்கம், ஓர் ஒளிப்படம், மடித்து வைத்த ஒரு நிகழ்ச்சித்தாள் ஆகியவையே. இவற்றுள் சில இன்று இணையவழி ஏலங்களில் இலட்சக்கணக்கான டாலருக்கு விலைபோகின்றன. வேறு பல, கல்லூரி அலமாரிகளில் பெயர் தெரியாமல் கிடக்கின்றன. ஒரு நினைவுப்பொருளின் விலை எது, மதிப்பு எது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கல்லும் கோப்பையும்

புதுக்கோட்டை மாவட்டம் குன்றாண்டார்கோவிலில் பல்லவர் காலக் குடைவரைக் கோயில் ஒன்று உள்ளது. சக்கரங்களும் குதிரைகளும் பூட்டிய தேர் போன்று அமைந்த அதன் மண்டபம் காண்போரைக் கவர்கிறது. ஆயினும் வரலாற்று மாணவர் முதலில் தேடுவது சுவர்களில் உள்ள கல்வெட்டுகளையே. கொடை அளித்தவர் யார், அளித்தது எது, எந்த அரசரின் எத்தனையாவது ஆட்சியாண்டில் அளித்தார் என்னும் செய்திகளைத் தமிழகக் கோயில் கல்வெட்டுகள் முறையாகக் குறிப்பிடுகின்றன. அச்செய்திகள் இல்லையெனில் கொடையும் இல்லை, கொடையாளரும் இல்லை.

கல்லூரிகளில் வழங்கப்படும் சுழற்கோப்பையும் ஒருவகையில் கல்வெட்டே. ஆண்டுதோறும் வென்ற அணியின் பெயரும் ஆண்டும் அதன் அடிப்பீடத்தில் பொறிக்கப்படுகின்றன. அவ்வரிகளை வரிசையாகப் படித்தால் எந்தக் கல்லூரி எப்போது எழுச்சி பெற்றது, எந்த ஆண்டில் போட்டி நடைபெறவில்லை, மகளிர் அணிகள் எப்போது களம் புகுந்தன என்பன போன்ற செய்திகள் தாமே வெளிப்படும்.

இரண்டு தாள்களின் பயணம்

1891ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் தம் மாணவர்களுக்காகப் புதிய ஆட்டம் ஒன்றை வகுத்தார். குளிர்காலத்தில் கூடத்துக்குள்ளேயே ஆடத்தக்கதாக அது இருத்தல் வேண்டும் என்பது தேவை. பீச் பழக் கூடைகள் இரண்டை உயரத்தில் கட்டி, 13 விதிகளை இரண்டு தாள்களில் தட்டச்சு செய்வித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். கூடைப்பந்து பிறந்தது.

அவ்விரு தாள்களும் 2010 டிசம்பரில் நியூயார்க்கில் சாத்பீஸ் நிறுவனத்தின் ஏலத்துக்கு வந்தன. ஏறத்தாழ 43 இலட்சம் டாலருக்கு அவை விற்கப்பட்டன. வாங்கியவர் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர். நெய்ஸ்மித் 1898இல் பணியில் சேர்ந்து, கூடைப்பந்து அணியை உருவாக்கிய இடம் அப்பல்கலைக்கழகம். ஆகவே அத்தாள்களை அங்கேயே கொண்டுசேர்த்தார். இன்று மாணவர்களும் பொதுமக்களும் அவற்றை நேரில் காண்கின்றனர்.

இக்கதைக்கும் தமிழகத்துக்கும் உறவு உண்டு. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக், 1920இல் சென்னையில் உடற்கல்விக்கென ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே இன்று நந்தனத்தில் விளங்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி. 1924ஆம் ஆண்டு பாரிசு ஒலிம்பிக்கில் பங்கேற்ற இந்திய அணியை வழிநடத்திச் சென்றவர்களுள் அவரும் ஒருவர். அக்கல்லூரியில் பயின்ற உடற்கல்வி ஆசிரியர்கள் வழியாகவே நவீன விளையாட்டுகள் பல நம் பள்ளித் திடல்களை வந்தடைந்தன.

இணையவழி ஏலம் இயங்கும் முறை

முன்பு ஏலம் என்றால் ஓர் அரங்கில் கூடியோர் மட்டுமே விலை கேட்பர். இன்று பொருளின் ஒளிப்படமும் விளக்கமும் இணையத்தில் வெளியிடப்படுகின்றன. தொடக்க விலையும் ஏலம் முடியும் நேரமும் அறிவிக்கப்படுகின்றன. உலகின் எம்மூலையில் இருந்தும் பதிவு செய்தவர் விலை கேட்கலாம். இறுதி நொடியில் எவரேனும் விலையை உயர்த்தினால், பிறருக்கும் வாய்ப்பளிக்க நேரம் நீட்டிக்கப்படுவதும் உண்டு. வென்றவர் தாம் கேட்ட விலையுடன் ஏல நிறுவனத்துக்குரிய கட்டணத்தையும் செலுத்துகிறார்.

விலையைத் தீர்மானிப்பவை நான்கு: பொருளின் அருமை, அதன் நிலை, அதனோடு தொடர்புடைய மனிதர், அது கைமாறி வந்த வரலாறு. இறுதியாகக் கூறியதே அனைத்தினும் இன்றியமையாதது. முதலில் எவரிடம் இருந்தது, பின்னர் எவரிடம் சென்றது, அதற்குச் சான்று யாது என்னும் வினாக்களுக்கு விடை கிடைத்தால்தான் பொருள் உண்மையானது என ஏற்கப்படும். போலிக் கையெழுத்துகள் சந்தையில் மலிந்துள்ளமையால், சட்டையில் உள்ள கறையையும் தையலையும் பழைய ஒளிப்படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வல்லுநர்களும் உள்ளனர்.

ஜெஸ்ஸி ஓவன்ஸின் பதக்கத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஒகையோ மாநிலப் பல்கலைக்கழக மாணவரான அவர், 1935 மே 25 அன்று பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் 45 நிமிடங்களுக்குள் மூன்று உலகச் சாதனைகளைப் படைத்து, மற்றொன்றைச் சமன் செய்தார். மறு ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் நான்கு தங்கப் பதக்கங்களை வென்றார். அவற்றுள் ஒன்றைத் தம் நண்பரான நடனக் கலைஞர் பில் ராபின்சனுக்கு அளித்தார். அப்பதக்கம் 2013இல் இணையவழி ஏலத்தில் 14 இலட்சம் டாலருக்கும் மேல் விலைபோனது. ஆனால் அது நான்கனுள் எந்தப் போட்டிக்குரியது என்பதை உறுதியாகக் கூற இயலவில்லை. பதக்கத்தில் போட்டியின் பெயர் பொறிக்கப்படவில்லை. பொன்னின் விலை தெரிந்தது. அது பேச வேண்டிய ஒரு சொல் மட்டும் மறைந்துபோயிற்று.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக்கருவூலங்கள் சட்டத்தின்படி, வரலாற்றுச் சிறப்புடைய பொருள் 100 ஆண்டுகளைக் கடந்தால் தொல்பொருளாகும். வரலாற்று மதிப்புடைய கையெழுத்துப்படிகளுக்கும் ஆவணங்களுக்கும் 75 ஆண்டுகளே வரம்பு. தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புதல் குற்றமாகும். கல்லூரி அலமாரியில் உள்ள பழைய பதிவேடும் இவ்வயதை எட்டியிருக்கலாம் என்பதை நினைவிற்கொள்க.

பதிவின்றி மறைந்தவை

ஹாக்கி வீரர் பல்பீர் சிங் மாணவப் பருவத்தில் பஞ்சாப் பல்கலைக்கழக அணிக்காக ஆடியவர். 1948, 1952, 1956 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்ற இந்திய அணிகளில் இடம்பெற்றவர். 1985இல் தம்மிடம் இருந்த 36 பதக்கங்களையும், மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அணிந்த மேற்சட்டையையும், நூற்றுக்கும் மேற்பட்ட ஒளிப்படங்களையும் அமையவிருந்த அருங்காட்சியகத்துக்கென இந்திய விளையாட்டு ஆணையத்திடம் ஒப்படைத்தார். பின்னாளில் அவை எங்குள்ளன என்று வினவியபோது உரிய விடை கிடைக்கவில்லை. 2020இல் அவர் மறையும் வரை அவை மீளவில்லை. விற்றுப் பொருளீட்ட எண்ணாமல் நாட்டுக்கு அளித்த ஒருவரின் வாழ்நாள் சேமிப்பு, காக்கப்படாமையால் காணாமற்போயிற்று.

ஏலத்தில் விலைபோன பொருள் செல்வரின் பேழையில் ஒளிந்துவிடக்கூடும் என்பர். அது மெய்யே. எனினும் நன்கொடையாகப் பெற்ற பொருளும் பதிவும் பாதுகாப்பும் இல்லையெனில் அழிந்துபோகும் என்பதும் மெய்யே.

நம் கடமை

சென்னை லயோலா கல்லூரியின் நிறுவனர் பெர்ட்ரம் அடிகளாரின் பெயரால் கல்லூரி மாணவர்களுக்கான போட்டிகள் நடைபெற்று வருகின்றன. 1951இல் பள்ளி மாணவராக இருந்த இராமநாதன் கிருஷ்ணன், தனி இசைவு பெற்று அதன் டென்னிஸ் போட்டியில் கலந்துகொண்டு வென்றார். 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தையும் பெற்றார். நாளை ஒரு வீட்டுப் பெட்டியிலிருந்து அப்போட்டியின் நிகழ்ச்சித்தாள் கிடைத்தால், ஓரத்தில் யாரோ பென்சிலால் எழுதிய புள்ளிகளே வரலாற்றாசிரியருக்குப் புதையலாகும்.

புகழ்பெற்றவரின் பொருளை ஏல நிறுவனங்கள் தேடி வரும். மாவட்ட அளவில் ஓடி வென்ற சிற்றூர் மாணவியின் சான்றிதழைத் தேடி எவரும் வாரார். அவரைப் பற்றிய பதிவு அவர் பயின்ற நிறுவனத்திலேயே இருத்தல் வேண்டும். அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஒரு குறிப்பேடு போதும். பொருள் யாது, எந்தப் போட்டி, எந்த ஆண்டு, வென்றவர் யார், எவ்வாறு வந்தது, இப்போது எங்கு உள்ளது என்னும் ஆறு வினாக்களுக்கு விடை எழுதுக. பழைய ஒளிப்படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயர்களைக் குறிக்க. பழந்தாள்களை நெகிழி உறையிட்டு ஒட்டிவிடற்க. ஒட்டியதைப் பின்னர்ப் பிரித்தெடுத்தல் அரிது. கோப்பையைப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்க்கற்க. பொறித்த எழுத்துகள் தேய்ந்துபோகும்.

1910இல் தொடங்கப்பட்ட புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு பொருளின் அருகிலும் அதன் விவரம் எழுதி வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அச்சிறு அட்டையே பொருளுக்கு நாவாகிறது. உங்கள் பள்ளித் தலைமையாசிரியர் அறையில் உள்ள கோப்பைகளுக்கும் அத்தகைய அட்டை ஒன்றை எழுதுங்கள். வென்றவர்களின் பெயரை அறிந்த முதியோர் நம்மிடையே வாழும்போதே அப்பணியை முடித்தல் நலம்.