மூடிய அறையில் தொற்றுநோய்: கணிப்பொறி மாதிரிகள் தரும் வழிகாட்டல்

காசநோய், தட்டம்மை, கோவிட்-19 ஆகிய நோய்கள் காற்றின் வழியே பரவுபவை. நோயாளி இருமும்போதும் பேசும்போதும் வெளிப்படும் நுண்துளிகள், காற்றோட்டமற்ற அறையில் நெடுநேரம் மிதந்து நிற்கின்றன. இவற்றைத் தடுக்க வழிகள் பல உண்டு. ஜன்னல்களைப் பெரிதாக்கலாம், காற்றை வெளியேற்றும் விசிறிகளைப் பொருத்தலாம், முகக்கவசம் அணியச் செய்யலாம், மேசைகளுக்கிடையே தடுப்புகளை நிறுத்தலாம். ஆனால் பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ ஒதுக்கப்படும் நிதி அளவுக்கு உட்பட்டது. எதற்கு முதலிடம் தருவது என்பதே நிர்வாகியின் முன்னுள்ள வினா. மக்களை நோய்க்கு ஆட்படுத்திச் சோதித்துப் பார்த்தல் அறமன்று. எனவேதான் அறையையும் காற்றையும் மனிதர்களையும் எண்களாக மாற்றிக் கணிப்பொறியில் சோதிக்கும் முறை பயன்படுகிறது.

கணக்கின் அடிப்படை

இம்முறையின் வேர் கணிப்பொறிக் காலத்துக்கு முற்பட்டது. அமெரிக்க அறிஞர் வில்லியம் வெல்ஸ், தொற்றை அளக்க 'குவாண்டம்' என்னும் அலகை வகுத்தார். ஒரு கூட்டத்தினர் சராசரியாகத் தலைக்கு ஒரு குவாண்டம் சுவாசித்தால், அவர்களுள் 63 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்படும் என்பது இதன் பொருள். 1974இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகருக்கு அருகிலுள்ள ஒரு தொடக்கப்பள்ளியில் தட்டம்மை பரவியது. ஒரே மாணவியிடமிருந்து, 14 வகுப்பறைகளைச் சேர்ந்த 28 மாணவர்களுக்கு நோய் தொற்றியது. அதே காற்றைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்ட காற்றோட்ட அமைப்பே அதனைக் கொண்டு சென்றது. ரைலியும் அவருடைய குழுவினரும் இந்நிகழ்ச்சியை ஆராய்ந்து 1978இல் வெளியிட்ட சமன்பாடு 'வெல்ஸ்-ரைலி மாதிரி' எனப்படுகிறது.

வகுப்பறை ஒன்றின் கணக்கு

எடுத்துக்காட்டாக, 180 கன மீட்டர் கொள்ளளவுள்ள வகுப்பறை ஒன்றைக் கொள்வோம். நோயுற்ற ஒருவர் மணிக்கு 12 குவாண்டம் வெளியிடுகிறார். மற்ற 40 மாணவர்களும் மணிக்கு அரைக் கன மீட்டர் காற்றைச் சுவாசித்து 5 மணி நேரம் அமர்ந்திருக்கின்றனர் என வைத்துக்கொள்வோம். அறைக் காற்று மணிக்கு ஒரு முறை மட்டும் மாறுமானால், ஏறத்தாழ 6 பேருக்குத் தொற்று ஏற்படும் என்பது கணக்கு. ஜன்னல்களைத் திறந்து மணிக்கு 6 முறை காற்று மாறச் செய்தால் அது ஒருவராகக் குறைகிறது. மேலும் செலவிட்டு 12 முறையாக உயர்த்தினாலோ, கூடுதலாகத் தவிர்க்கப்படுவது அரை ஆள் அளவே. ஆகவே, காற்றோட்டம் மிகக் குறைந்த அறைகளைச் சீர்செய்வதே முதற்கண் பெரும்பயன் தரும்.

வெளிவிடும் தொற்றையும் உள்ளிழுக்கும் தொற்றையும் பாதியாகக் குறைக்கும் முகக்கவசத்தை அனைவரும் அணிந்தால், முதலில் கூறிய அறையில் 6 பேர் என்பது 2 பேருக்கும் குறைவாகிறது. முகக்கவசமும் திறந்த ஜன்னலும் சேரும்போது, இத்தகைய நான்கு வகுப்பறைகளில் ஒருவருக்கே தொற்று நேரும். ஒரு நடவடிக்கை மற்றொன்றின் பயனைப் பெருக்கும் என்பது இங்குத் தெளிவாகிறது.

காற்று செல்லும் பாதை

மேற்கூறிய மாதிரி, அறை முழுவதும் காற்று சீராகக் கலந்திருப்பதாகக் கொள்கிறது. நடைமுறையில் அவ்வாறு இருப்பதில்லை. எனவே அறையை இலட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்றின் வேகத்தையும் திசையையும் கணக்கிடும் நுட்பமான மாதிரிகளும் உள்ளன. சீனாவின் குவாங்சோ நகர உணவகம் ஒன்றில் 2020 ஜனவரி 24 அன்று நிகழ்ந்த தொற்றுப் பரவல் இவ்வாறு ஆராயப்பட்டது. அடுத்தடுத்த மூன்று மேசைகளில் அமர்ந்த மூன்று குடும்பங்களில் 10 பேர் நோயுற்றனர். பணியாளர்களும் பிற மேசையினரும் தப்பினர். குளிர்சாதனக் கருவி அந்த மூன்று மேசைகளின் காற்றையே சுழலவிட்டதும், தலைக்கு விநாடிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் புதுக்காற்று மட்டுமே கிடைத்ததும் காரணங்கள் எனக் கண்டறியப்பட்டது. குடியிருப்பு அல்லாத கட்டிடங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த அளவு 10 லிட்டராகும். ஜப்பானின் 'ஃபுகாகு' மீக்கணிப்பொறியும் நுண்துளிகளின் பரவலை ஆராயப் பயன்பட்டது.

லிமா நகரின் அனுபவம்

வளரும் நாடுகளுக்குப் பெரிதும் பயன்படக்கூடியது, பெரு நாட்டின் லிமா நகரில் எட்டு மருத்துவமனைகளில் நடத்தப்பெற்று 2007இல் வெளியான ஆய்வு. உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட, 1950க்கு முற்பட்ட கட்டிடங்களில் காற்று மணிக்கு 40 முறை மாறியது. பின்னாளில் எழுந்த கட்டிடங்களில் 17 முறை. இயந்திரக் காற்றோட்டமுள்ள அறைகளில் 12 முறை. சிகிச்சை பெறாத காசநோயாளிகளுடன் 24 மணி நேரம் இருப்போருள் முறையே 11, 33, 39 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்படும் என மாதிரி கணித்தது. பழைய கட்டிடத்தின் ஜன்னல், விலையுயர்ந்த இயந்திரத்தை விஞ்சிற்று. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரைக் கொண்ட இந்தியா கருத்தில் கொள்ளவேண்டிய உண்மை இது.

எச்சரிக்கைகள்

மாதிரி எதிர்காலத்தை உரைக்கும் சோதிடமன்று. நோயாளி வெளியிடும் குவாண்டத்தின் அளவு ஆளுக்கு ஆள் பன்மடங்கு வேறுபடும். எனவே எத்தனை பேர் நோயுறுவர் என்னும் எண்ணைக் காட்டிலும், எந்த நடவடிக்கை சிறந்தது என்னும் ஒப்பீடே நம்பத்தக்கது. உள்ளீடுகள் நம் சூழலுக்கு ஏற்றவையாகவும் இருத்தல் வேண்டும். வட இந்தியக் குளிர்காலத்தில் ஜன்னல்கள் அடைக்கப்படுகின்றன. நகரங்களில் புகையும் கொசுவும் அவற்றை மூடச் செய்கின்றன. காற்று வீசாத நாட்களும் உண்டு. அங்கெல்லாம் காற்றை வெளியேற்றும் விசிறி தேவைப்படும். கூரை விசிறி காற்றைக் கலக்குமேயன்றிப் புதுக்காற்றைக் கொணராது. அறைக் காற்றையே குளிர்விக்கும் சாதாரணக் குளிர்சாதனக் கருவியும் அத்தகையதே.

ஆதலின் கணக்கை நேரடி அளவீட்டால் சரிபார்த்தல் இன்றியமையாதது. வெளிக்காற்றில் பத்து இலட்சத்துக்கு 420 பங்கு அளவில் உள்ள கரியமில வாயு, ஆட்கள் நிறைந்த அறையில் எவ்வளவு உயர்கிறது என்பதைச் சிறு கருவி கொண்டு அளந்தால் காற்றோட்டத்தின் நிலை விளங்கும். கட்டிட வரைபடம் ஒப்புதல் பெறும் கட்டத்திலேயே இத்தகைய கணக்கைச் செய்து பார்த்தல் நலம். தாளில் ஜன்னலை இடம் மாற்றுவது எளிது. சுவர் எழும்பிய பின் அது கடினம். நோய் பரவிய பின்னரோ காலம் கடந்துவிடும்.