செலவு பண்ணாதீங்க... ஆனா காபி குடிங்க!

செமஸ்டர் லீவுல ஏற்காடு போய் லேடீஸ் சீட்ல போட்டோ, ஏரியில போட்டிங், சூடா ஒரு காபின்னு சுத்தியிருப்பீங்க. அந்தக் காபிக்கும் இரண்டாம் உலகப் போருக்கும் ஒரு கனெக்‌ஷன் இருக்கு, தெரியுமா மக்களே?

1939-ல் போர் ஆரம்பம். 'செலவைக் குறைங்க, சேமிங்க' என்று அரசாங்கங்கள் போஸ்டர் அடித்துத் தள்ளின. பிரிட்டனில் ஃபிலிப் பாய்டெல் என்ற ஓவியர் 1943-ல் ஒரு பூச்சியையே வரைந்துவிட்டார். பேரு 'ஸ்குவாண்டர் பக்'. நம்ம பாஷையில் ஊதாரிப் பூச்சி! உடம்பெல்லாம் நாஜி முத்திரை. கடைக்குப் போறவங்களை 'வாங்கு, வாங்கு'ன்னு தூண்டிவிடுறதுதான் அதோட வேலை. அதாவது, வீண் செலவு செய்தால் ஹிட்லருக்கு லாபம்!

இந்தியாவிலும் சேமிப்புப் பிரசாரம் நடந்தது. 1940-ல் பாதுகாப்பு சேமிப்புப் பத்திரம், 1943-ல் தேசிய சேமிப்புப் பத்திரம். தபால் ஆபீஸில் 10 ரூபாய் போட்டால் 12 வருஷத்தில் 15 ரூபாய்.

அதே சமயம் சேர்வராயன் மலையில் கதையே வேற. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தார். போரில் ஐரோப்பிய மார்க்கெட் மூடியதும் இந்தியக் காபிக்கு ஆள் இல்லை. வந்தது 1942-ன் காபி சந்தை விரிவாக்கச் சட்டம். தோட்டக் காபியைத் திரட்டி விற்பதும், நம்மாட்களைக் காபி குடிக்க வைப்பதும் காபி வாரியத்தின் வேலையானது. இந்தியா காபி ஹவுஸ்கள் பெருகின. ஒரு பக்கம் 'செலவு பண்ணாதே', இன்னொரு பக்கம் 'காபி குடி'!

குழப்பமா? இல்லை பாஸ். பிரிட்டன் தன் போர்ச் செலவுக்கு இங்கே ரூபாய் நோட்டு அடிக்க வைத்து, லண்டனில் கடன் எழுதி வைத்தது. போர் முடிந்தபோது அந்தக் கடன் சுமார் 130 கோடி பவுண்ட்! நோட்டு பெருக, பொருள் குறைய, 1943-லேயே மொத்த விலை 1939-ஐப் போல இரண்டு மடங்கைத் தாண்டியது. மக்கள் கையில் இருந்த பணத்தைப் பத்திரத்தில் முடக்கினால் விலையேற்றம் கொஞ்சம் அடங்கும். அதுதான் கணக்கு.

கணக்கு சரிதான். ஆனா விலை நாலே வருஷத்தில் டபுள், பத்திரமோ 12 வருஷத்தில் ஒன்றரை மடங்கு. அதே 1943-ல் வங்காளத்தில் பஞ்சம். அரிசி வாங்கவே வழியில்லாதவர் எதைச் சேமிப்பார்?

'இப்பவே முதலீடு பண்ணுங்க'ன்னு அடுத்து ஒரு விளம்பரம் கண்ணுல பட்டால் வட்டியை மட்டும் பார்க்காதீங்க. நம்ம பணம் இப்போ யாருக்குத் தேவைப்படுதுன்னும் ஒரு கேள்வி கேளுங்க!