உங்களுக்குத் தெரியுமா? மிதிக்காமல் ஓடும் ஒற்றைச் சக்கரம்

ஒற்றைச் சக்கர சைக்கிளில் பெடல் நேரே சக்கர அச்சோடு இணைந்திருக்கும். சக்கரம் உருளும்வரை பெடலும் சுற்றும். மிதிக்காமல் ஓட வேண்டுமானால் பாதங்களைத் தூக்கி, டயருக்கு மேலே ஃபோர்க்கின் இரு கால்களும் கூடும் தோளில் வைக்க வேண்டும். இதுதான் ‘கோஸ்டிங்’. ஒரு பாதத்தை டயரில் உரசியபடி போனால் அது ‘கிளைடிங்’. அதில் உரசலைக் கூட்டிக் குறைத்து முன்பின் சாய்வைச் சமாளிக்கலாம். கோஸ்டிங்கில் அந்த வசதியும் கிடையாது. இடுப்பும் விரித்த கைகளும்தான் துணை. வழவழப்பான உலோகத்தில் பாதம் வழுக்கினால் அவ்வளவுதான்! அதனால் சதுரமான, தட்டைத் தோளுள்ள ஃபோர்க் வசதி. அதன்மேல் ஸ்கேட்போர்டில் ஒட்டும், உப்புத்தாள் போன்ற சொரசொரப்பு டேப்பை ஒட்டினால் பிடிப்பு கூடும். பழக நினைப்பவர்கள் கிளைடிங்கில் தொடங்குங்கள், ஹெல்மெட்டோடு.