‘நான் ஹேக் பண்ணலைங்க டீச்சர்’: கணினிச் சட்டச் சொற்களை வகுப்பில் விளக்குவது

சென்ற ஆண்டு படிவம் நான்கில் நடந்த ஒரு சம்பவத்திலிருந்து தொடங்குகிறேன். ஒரு மாணவி தன் தோழியின் மின்னஞ்சலைத் திறந்து, அதிலிருந்த சொந்த விஷயம் ஒன்றைப் படம்பிடித்து வகுப்புப் புலனக் குழுவில் போட்டுவிட்டாள். கூப்பிட்டுக் கேட்டபோது அவள் பயப்படவே இல்லை. “நான் ஹேக் எல்லாம் பண்ணலைங்க டீச்சர். படிவம் ரெண்டுல குழு வேலைக்காக அவதான் பாஸ்வேர்டு குடுத்தா. அது இன்னும் வேலை செய்யுது, அவ்வளவுதான்” என்றாள். பாதிக்கப்பட்ட பிள்ளை ஒரு வாரம் பள்ளிக்கே வரவில்லை. மறுநாள் இந்த மாணவியின் அம்மா, செம்பனைத் தோட்டத்தில் வேலை முடிந்த கையோடு வந்து, “போலீசுக்குப் போவாங்களா டீச்சர்? இது கேஸாகுமா?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அன்று இரவுதான் 1997-ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டத்தை முதல் முறையாக முழுதாகப் படித்தேன். சட்டம் 563. 1997-இல் இயற்றப்பட்டு, 2000 ஜூன் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. சில பக்கங்கள்தாம். நான் வழக்கறிஞர் இல்லை. சட்ட ஆலோசனை சொல்ல வரவில்லை. ஆனால் அதன் 2-ஆம் பிரிவு முழுக்கச் சொற்பொருள் விளக்கம். அதைப் படிக்கத் தமிழாசிரியருக்கு இருக்கும் பழக்கம் போதும்.

முதலில் கவனிக்க வேண்டியது, அந்தச் சட்டத்தில் ‘ஹேக்’ என்ற சொல்லே இல்லை. நம் செய்தித்தாள்கள் எழுதும் ‘ஊடுருவல்’ என்ற சொல்லுக்கும் அங்கே வேலையில்லை. ஊடுருவல் என்றதும் பிள்ளைகள் மனத்தில் வருவது, முக்காடு போட்டவன் இருட்டறையில் பச்சை எழுத்துகளைத் தட்டுவது. சட்டம் கேட்பது வேறு: அனுமதியில்லாமல் அணுகினாயா? அனுமதியில்லை என்று தெரிந்தே செய்தாயா? 3-ஆம் பிரிவு அவ்வளவுதான் கேட்கிறது. பூட்டை உடைத்தாயா, சாவி போட்டுத் திறந்தாயா என்பது அதற்கு ஒன்றுதான். தண்டனை 50,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

‘அணுகல்’ என்பதற்கு அகராதி தரும் பொருள் நெருங்குதல். சட்டம் தரும் பொருள் அதைவிடப் பெரிது. கணினியை ஏதாவது செயலைச் செய்ய வைத்து, அதன் வழியாகத் தரவை மாற்றினாலும் அழித்தாலும், நகலெடுத்தாலும் இடம் மாற்றினாலும், பயன்படுத்தினாலும் அணுகல்தான். திரையில் தெரியவைப்பது கூட அணுகல்தான். “சும்மா பார்த்தேன் டீச்சர்” என்று பிள்ளைகள் சொல்வது இங்கே செல்லாது. பார்ப்பதற்கு முன்பே திறப்பது நடந்துவிட்டது.

‘அனுமதியின்றி’ என்ற சொல்லில்தான் அந்த மாணவி சறுக்கினாள். சம்மதமே இல்லாமல் போவது மட்டுமல்ல, கொடுத்த சம்மதத்தை மிஞ்சிப் போவதும் அனுமதியற்ற அணுகல்தான் என்கிறது 2-ஆம் பிரிவு. வகுப்பில் நான் இப்படிச் சொன்னேன்: பக்கத்து வீட்டு அக்கா ஊருக்குப் போகும்போது பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவி கொடுக்கிறார். அந்தச் சாவி இரண்டு வருடம் கழித்தும் உன் கையில் இருக்கிறது. அதை வைத்து அவர் அலமாரியைத் திறக்கலாமா? யாரும் ‘திறக்கலாம்’ என்று சொல்லவில்லை.

இனி ‘கணினி’. இங்கே ஓர் இலக்கணப் பாடமே இருக்கிறது. சட்ட வரையறைகளில் இரண்டு வினைகள் வரும்: ‘என்பது பொருள்’, ‘உள்ளடக்கும்’. முதலாவது வேலி போடும், இரண்டாவது வேலியைத் தள்ளி நடும். நம் சட்டத்தில் கணினி என்பது மின்னணு, காந்த, ஒளியியல், மின்வேதியியல் முறையிலோ வேறு முறையிலோ தரவைச் செயலாக்கும் கருவி. ஏரணம், கணக்கு, சேமிப்பு, காட்சி ஆகிய செயல்களைச் செய்வது. தனிக் கருவியாகவோ இணைக்கப்பட்ட கருவிகளின் தொகுதியாகவோ இருக்கலாம். இது பொருள். அதோடு நேரடியாகத் தொடர்புடைய சேமிப்பு, தொடர்பு வசதிகளையும் அது உள்ளடக்கும். பிறகு மூன்றாவதாக ஒரு விலக்கு: தானியங்கித் தட்டச்சுப்பொறி, அச்சுக்கோப்புப் பொறி, நிரலாக்க முடியாத அல்லது சேமிப்பு வசதி இல்லாத கைக் கணிப்பான் போன்றவை இதில் சேரா.

1997-இல் போய்த் தட்டச்சுப்பொறி ஏன்? 1980-களின் அமெரிக்கச் சட்டத்திலும் ஏறக்குறைய இதே விலக்கு இருக்கிறது. அந்த வாசகத்தின் சாயல் நம் சட்டத்தில் அப்படியே தெரிகிறது. தோட்ட ஆபீசில் கிராணி தட்டிக்கொண்டிருந்த இயந்திரத்தை இன்றைய பிள்ளைகள் பார்த்ததே இல்லை. அது கணினி இல்லை என்று சட்டம் இன்னும் அக்கறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கைப்பேசி என்ற சொல் வரையறையில் இல்லை. ஆனால் மேலே சொன்ன நான்கு செயல்களையும் திறன்பேசி செய்கிறது. சொல் இல்லாததால் கருவி தப்பிக்காது. இந்தியாவிலும் இதே கேள்வி எழுந்து, 2005-இல் ஆந்திர உயர் நீதிமன்றம் கைப்பேசியும் 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி கணினியே என்றது. பிறகு 2008 திருத்தத்தில் ‘தொடர்புக் கருவி’ என்று தனி வரையறை சேர்த்து, அதில் கைப்பேசியைப் பெயர் சொல்லியே எழுதிவிட்டார்கள். பிரிட்டனோ 1990 சட்டத்தில் கணினியை வரையறுக்கவே இல்லை. நாளைக்குப் பழசாகிவிடும் வரையறையைவிட வரையறை இல்லாமை மேல் என்ற எண்ணம். எனக்கு நம் முறைதான் பிடிக்கிறது. வரையறை இருந்தால்தான் ஒரு தாய் கேட்கும் கேள்விக்கு ஒரு ஆசிரியர் படித்துப் பதில் தேட முடியும்.

இப்போது என் கதை. 6-ஆம் பிரிவு, கணினியை அணுக உதவும் எண், குறியீடு, கடவுச்சொல் ஆகியவற்றை, பெற உரிமையில்லாதவருக்குத் தெரிவிப்பது பற்றியது. 25,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அதைப் படித்தபோது எனக்கு வியர்த்தது. மதிப்பெண் பதிவு குவிந்த ஒரு மாதத்தில், நம்பிக்கையான ஒரு மாணவியிடம் என் கடவுச்சொல்லைத் தாளில் எழுதிக் கொடுத்துப் பதியச் சொன்னவள் நான். வழக்காகுமோ ஆகாதோ, ‘கடவுச்சொல் கொடுத்தால் உதவி’ என்ற பாடத்தை அந்தப் பிள்ளைகளுக்கு நடத்தியவர்களில் நானும் ஒருத்தி. மறுநாளே மாற்றினேன்.

தமிழில் இந்தச் சட்டத்துக்கு அதிகாரப்பூர்வ வடிவம் நம் நாட்டில் இல்லை. அதனால் சொல் தேர்வு நம் கையில் இருக்கிறது, கவனமும் நம்முடையதே. ‘தரவு’, ‘தகவல்’ இரண்டையும் மாற்றி மாற்றி எழுதாதீர்கள். சட்டத்தில் தரவு என்பது தகவலை அல்லது கருத்தைக் கணினிக்கு ஏற்ற வடிவில் ஆக்கியது, அல்லது ஆக்கிக்கொண்டிருப்பது. தோட்டத்துச் செக்ரோலில் பேனாவால் எழுதிய வருகை தகவல். அதைக் கணினிக்காகத் தயாரிக்கத் தொடங்கும்போது தரவு. இன்னொன்று, பலர் ‘வளாகம்’ என்று எழுதும் சொல். போலீஸ் சோதனைக்கான இடத்தைக் குறிக்கும் அந்தச் சொல், நிலம், கட்டடம் மட்டுமல்லாமல் நிலம், நீர், ஆகாயத்தில் செல்லும் வாகனங்களையும் உள்ளடக்கும். பாகான் டத்தோ ஆற்றுமுகத்தில் கட்டிக் கிடக்கும் மீன்பிடிப் படகை எந்தத் தமிழர் வளாகம் என்பார்? ‘இடம்’ என்றே எழுதலாம்.

அந்த அம்மாவிடம் நான் பிறகு சொன்னது இதுதான்: சட்டத்தின் சொற்களுக்குள் இது வர வாய்ப்பிருக்கிறது, 18 வயதுக்கு உட்பட்டவர் மீது வழக்கு வந்தால் அது சிறார் நீதிமன்றத்துக்குப் போகும், புகார் கொடுப்பதா என்பது அந்தத் தோழியின் குடும்பம் முடிவு செய்ய வேண்டியது. அவர்கள் புகார் கொடுக்கவில்லை. வழிகாட்டி ஆசிரியர் அறையில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேசினார்கள். தோழிகள் இன்னும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை.

பிறகு இதை ஒரு கருத்துணர்தல் பயிற்சியாக மாற்றினேன். கணினி வரையறையைத் தமிழில் எழுதி ஒட்டிவிட்டு, திறன்பேசி, திறன் கைக்கடிகாரம், விரலி, நகலெடுக்கும் இயந்திரம், கடைக்காரர் கணிப்பான், அறிவியல் கணிப்பான் ஆகியவற்றைக் கொடுத்தேன். கணினியா இல்லையா என்பதற்கு மதிப்பெண் இல்லை. வரையறையின் எந்தத் தொடரை வைத்துச் சொல்கிறாய் என்பதற்குத்தான். விரலியில் எல்லாரும் திணறினார்கள். கணினியில் செருகியிருக்கும் வரை, அதில் உள்ள தரவும் கணினியில் உள்ள தரவாகவே கருதப்படும் என்று சட்டம் சொல்வதைக் காட்டினேன். அறிவியல் கணிப்பானுக்கு மட்டும் ஒரு பாடவேளை போதவில்லை. ‘நிரலாக்க முடியாத அல்லது சேமிப்பு இல்லாத’ என்பதில் அந்த ‘அல்லது’வை ‘மற்றும்’ என்று படித்தால் விடை மாறுகிறதே என்று பின் வரிசையில் ஒருவன் கேட்டான். மணி அடித்த பிறகும் யாரும் எழுந்து போகவில்லை.