இளவேனிலில் சம்பங்கி நிலத்தைப் பக்குவப்படுத்தல்

சம்பங்கி நடுவதற்குக் கடன் வேண்டி நம் சங்கங்களுக்கு வரும் மனுக்களுள் பெரும்பாலானவை ஆனி மாதத்தில்தான் வருகின்றன. ஆனியும் ஆடியும் நடவுக்குரிய மாதங்கள். அப்பொழுது பணம் தேவைப்படுவது இயற்கையே. ஆயினும் மனுவைப் பிரித்துப் பார்த்தால், கிழங்கின் கிரயம், நடவுக் கூலி, உர மூட்டை ஆகிய மூன்றுக்கும் தொகை குறித்திருக்கும். நிலத்தைத் திருத்துவதற்கென்று ஒரு காசும் குறித்திராது. இக்குறையைப் பற்றி அங்கத்தினர்களுக்குச் சில சொல்ல விரும்புகிறோம்.

நெல்லும் நிலக்கடலையும் ஒரு போகத்தில் முடிந்துவிடும். இவ்வாண்டு செய்த பிழையை மறு போகத்திற்கு உழும்பொழுது திருத்திக்கொள்ளலாம். சம்பங்கி அத்தகையதன்று. ஒருமுறை நட்ட கிழங்கு, மறுதாம்பையும் சேர்த்து, மூன்று ஆண்டுகள் அதே இடத்தில் நிற்கும். தாய்க் கிழங்கைச் சுற்றிச் சேய்க் கிழங்குகள் பெருகிப் பாரினை அடைத்துக்கொண்ட பின்னர் ஏரை இறக்க இடமேது? நம் நெசவாள அங்கத்தினர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பாவில் விட்ட குறையை ஊடையால் ஈடு செய்ய இயலாதன்றோ? சம்பங்கிக்கு நிலமே பாவு.

நாம் தணிக்கைக்குச் சென்ற ஊர் ஒன்றில் இருவர் ஒரே ஆண்டில் சம்பங்கிக்குக் கடன் பெற்றிருந்தனர். இருவர் நிலமும் அடுத்தடுத்து இருந்தன. ஒருவர் தொகை முழுவதையும் கிழங்கிற்கும் நடவிற்குமே செலவிட்டு ஓர் ஏக்கர் நட்டார். மற்றவர் அரை ஏக்கரே நட்டு, மிஞ்சிய பணத்தை வடிகால் வெட்டவும் தொழு உரம் வாங்கவும் பயன்படுத்தினார். முதலாண்டில் முன்னவருக்கே பூ அதிகம். பின்னவரைத் துணிவற்றவர் என்று ஊரார் பேசிக்கொண்டனர். அடுத்த ஐப்பசியில் மழை வலுத்தபொழுது, முன்னவர் நிலத்தின் தாழ்ந்த பகுதியில் நீர் தேங்கிக் கிழங்குகள் அழுகின. எஞ்சிய பகுதியைக் கோரை மூடிற்று. மூன்றாம் ஆண்டில் அவர் பெயர் தவணை தவறியோர் பட்டியலில் இருந்தது. பின்னவரோ கடனைத் தீர்த்ததோடு, தம் நிலத்துக் கிழங்கைக் கொண்டே மற்ற அரை ஏக்கரையும் நட்டுக்கொண்டார். முன்னவர் உழைப்பில் குறைந்தவர் அல்லர். அவர் வீட்டுப் பெண்கள் விடியுமுன் எழுந்து பூப் பறித்ததை ஊர் அறியும். அவ்வுழைப்பைத் தாங்க நிலம் ஆயத்தமாய் இருக்கவில்லை, வேறுபாடு அவ்வளவே.

இனிச் செய்ய வேண்டுவன யாவை எனக் காண்போம். நல்ல வடிகாலுள்ள செம்மண்ணும் மணல் கலந்த வண்டலும் சம்பங்கிக்கு ஏற்றவை. மண்ணின் கார அமிலத் தன்மை 6.5 முதல் 7.5 வரை இருத்தல் நலம். வடிகாலை அறிய ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு முழ ஆழக் குழி வெட்டி நீர் நிரப்புக. அது வடிந்த பின் மீண்டும் நிரப்புக. இரண்டாம் முறை விட்ட நீர் மறுநாளும் குழியில் நின்றால், அந்நிலத்தில் வடிகால் வெட்டாமல் கிழங்கை இறக்குதல் ஆகாது.

சித்திரையிற் பெய்யும் கோடை மழையின் ஈரத்தில் முதல் உழவு செய்து, கட்டிகளை வெயிலிற் காய விடுக. வைகாசிக்குள் மேலும் இரண்டு, மூன்று உழவு வேண்டும். வேரைத் தாக்கும் நூற்புழுக்களையும் மண்ணிலுள்ள பிற புழுக்களையும் இவ்வெயில் குறைக்கும். கோரையையும் அருகையும் இப்பொழுதே கிழங்கோடும் வேரோடும் பொறுக்கி அகற்றுதல் வேண்டும். சம்பங்கிக் கிழங்குகளுக்கிடையே கோரைக் கிழங்கு புகுந்துவிட்டால், மூன்றாண்டும் களைக் கூலிக்கே பூ விற்ற பணம் போய்விடும்.

முதல் உழவுக்கு முன்பே மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புதல் அவசியம். வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் மேற்சருகை நீக்கி, 'வி' வடிவத்தில் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, குழியின் பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழாகச் சீராக மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். எருக்குவியல் இருந்த இடம், வரப்போரம், மர நிழல், கிணற்றோரம் ஆகியவற்றில் எடுத்தலாகாது. எடுத்த மண்ணை ஒன்றாகக் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகள் இரண்டைத் தள்ளுக. அரைக் கிலோ எஞ்சும்வரை இவ்வாறு செய்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் இட்டு அனுப்புக. பழைய உரப்பை கூடாது. அதிலுள்ள உரம் முடிவைப் பொய்யாக்கிவிடும். மண்வள அட்டைத் திட்டம் 2015-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அவ்வட்டையை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டுப் பக்கத்து வயற்காரர் இட்ட அளவே தாமும் உரமிடுவோர் பலராவர். அட்டையால் அவர்களுக்கு என்ன பயன்?

தொழு உரம் எக்டருக்கு 25 டன், அதாவது ஏக்கருக்கு 10 டன் வேண்டும். வண்டிக்கு அரை டன்னாகக் கணக்கிட்டால் இது 20 வண்டியாகும். இதனை நன்கு மக்கிய நிலையில் கடைசி உழவின்பொழுது இட்டு மண்ணோடு கலக்க வேண்டும். பச்சைச் சாணம் இட்டால் களை விதையும் வெண்புழுவும் உடன் வரும். குழியில் நிரப்பி மேலே சாணக் கரைசலால் மெழுகிய குப்பை மக்குவதற்கு நான்கைந்து மாதங்கள் ஆகும். ஆகவே வைகாசியில் எரு வேண்டுவோர் தை மாதத்திலேயே குழியை மூடியிருத்தல் வேண்டும்.

இரசாயன உரத்தைப் பொறுத்தவரை, தழை, மணி, சாம்பல் சத்துக்கள் ஒவ்வொன்றும் எக்டருக்கு 200 கிலோ என்பது பொதுப் பரிந்துரை. ஏக்கருக்கு இது ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 80 கிலோவாகும். இதற்கு யூரியா சுமார் 175 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 500 கிலோ, பொட்டாஷ் 135 கிலோ தேவைப்படும். மண் பரிசோதனை வேறு அளவு கூறின், அதனையே பின்பற்றுக. மணிச்சத்து மண்ணில் இட்ட இடத்தைவிட்டு அதிகம் நகராதாகையால், அதனை அடியுரமாக வேர் படரும் ஆழத்தில் இடுதல் வேண்டும். தழைச்சத்தோ நீருடன் கரைந்து போவது; அதனைப் பகுத்தே இடுதல் சிக்கனம். அளவுக்கு மிஞ்சிய தழைச்சத்தால் இலை செழிக்குமேயன்றிப் பூங்கதிர் செழிக்காது. சூப்பர் பாஸ்பேட்டிற்குப் பதிலாக டி.ஏ.பி. வாங்குவோர் ஒன்றை நினைவிற் கொள்க: 80 கிலோ மணிச்சத்துக்கு வேண்டிய 175 கிலோ டி.ஏ.பி.யிலேயே 31 கிலோ தழைச்சத்து அடங்கியுள்ளது. அதற்கேற்ப யூரியாவில் ஒன்றரை மூட்டையைக் குறைத்துக்கொள்ளலாம்.

நிலம் இவ்வாறு பக்குவமான பின்னரே கிழங்கு. 25 முதல் 30 கிராம் எடையுள்ள, அழுகலற்ற கிழங்குகளை, தோண்டி எடுத்து ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து நடுதல் வேண்டும். வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டரும் கிழங்குக்குக் கிழங்கு 20 சென்டிமீட்டரும் இடைவெளி விட்டால் ஏக்கருக்குச் சுமார் 45,000 கிழங்குகள் பிடிக்கும். எடையில் இஃது ஒரு டன்னுக்கு மேலாகும். இவ்வளவு பொருளைக் கடன் பணத்தில் வாங்கி ஆயத்தமில்லாத மண்ணில் புதைப்பது எவ்வகையில் விவேகமாகும்?

சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. சம்பங்கிக் கடன் மனுக்களைப் பங்குனியிலேயே பெற்று, மண் பரிசோதனை முடிவையும் உடன் கேளுங்கள். கடனின் முதற்பகுதியை நிலத் திருத்தத்திற்கென்று சித்திரையில் வழங்கி, வடிகாலும் எருவும் நிறைவேறியதைக் கண்ட பின்னர்க் கிழங்கிற்கான பகுதியை வழங்குங்கள். உரத்தின் தேவையைப் பரிசோதனை முடிவுகளைக் கொண்டு கூட்டிப் பார்த்து முன்கூட்டியே தருவித்தால், இருப்பில் உள்ளதையே அங்கத்தினர் தலையில் கட்டும் நிலை நேராது. கடன் பெறுவோரும் முழுத் தொகைக்கும் போதிய நிலம் திருந்தவில்லையெனின், பாதி நிலம் நடுவதற்கு நாணுதல் வேண்டா. திருந்திய அரை ஏக்கர் தவணையைக் கட்டும். திருந்தாத ஓர் ஏக்கர் தவணையைக் கூட்டும்.