மெஸ்லியே மரண சாசனமும் ஆசிரியர் உண்மையும்

ஒரு நூலின் கருத்தை ஆராயப் புகுவார் முதற்கண் தெளியவேண்டுவது, அஃது யாருடைய நூல் என்பதாம். ஔவையார் என்னும் ஒரு பெயரின்கீழ் வெவ்வேறு காலத்து நூல்கள் வழங்கக் காணும் தமிழாராய்ச்சியாளர்க்கு இது புதிதன்று. பிரெஞ்சு நாட்டு அறிவொளிக் காலக் கடவுள்மறுப்பு நூல்களைக் கற்பார்க்கும் இத்தெளிவு இன்றியமையாதது. ழான் மெஸ்லியேயின் மரண சாசனம் இதற்குத் தக்கதொரு சான்றாகும்.

மெஸ்லியே (1664–1729) வடகிழக்குப் பிரான்சில் எத்ரெப்பினி என்னும் சிற்றூரில் நாற்பதாண்டுகள் கத்தோலிக்கக் குருவாக இருந்தவர். நாடோறும் வழிபாடு நடத்திய அவர், தம் இறப்பிற்குப் பின் பிறர் படிக்குமாறு ஒரு பெருநூலைத் தம் கைப்பட மூன்று படிகள் எழுதிவைத்தார். அந்நூல் எட்டுச் சான்றுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. முதல் ஐந்தும் சமயங்கள் மாந்தரால் ஆக்கப்பட்டவை என நிறுவ முற்பட்டு, நம்பிக்கை, வெளிப்பாடு, தீர்க்கதரிசனம், கோட்பாடு ஆகியவற்றை ஆராய்வன. ஆறாவது, உழவரின் உழைப்பை உண்டு வாழும் பெருமக்களின் கொடுமையைச் சாடுகின்றது. ஏழாவது கடவுள் உண்மையையும், எட்டாவது உயிரின் அழியாமையையும் மறுக்கின்றன.

1762இல் வால்டேர் இந்நூலின் சுருக்கமொன்றை வெளியிட்டார். முதல் ஐந்து சான்றுகளின் பொருளே அதில் இடம்பெற்றது. வால்டேர் கடவுள் உண்டென்னும் கொள்கையினர். ஆதலின் அவர் சுருக்கத்தில் மெஸ்லியேயும் அக்கொள்கையினரே போலத் தோன்றினார். பின்னும் ஒரு பிறழ்ச்சி நேர்ந்தது. 1772இல் ஓல்பாக் பிரபு தம் பெயர் சுட்டாது வெளியிட்ட 'நல்லறிவு' என்னும் நூல், பிற்காலப் பதிப்புகளில் மெஸ்லியேயின் பெயரோடு வழங்கலாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அப்பெயரையே தாங்கிற்று. உண்மை நூல் முழுமையாக அச்சேறியது 1864இல், ஆம்ஸ்டர்டாம் நகரிலேயாம்.

'இருவரும் கடவுளை மறுத்தவரே. பெயர் மாறியதனால் இழப்பு யாது?' என வினவுவார் உளர். இழப்புப் பெரிதென்பதே எம் துணிபு. பாரிசில் செல்வராய் வாழ்ந்து அறிஞர்க்கு விருந்தளித்த ஓல்பாக், கடவுட் கருத்தின் முரண்களைச் சிறுசிறு பகுதிகளாக வாதித்துச் செல்கின்றார். சிற்றூர்க் குருவாகிய மெஸ்லியேயோ உழவரின் துயரையும் கடவுள்மறுப்பையும் பிரித்துப் பாரார். நிலமும் விளைவும் ஊரார்க்குப் பொதுவாதல் வேண்டும் என்பது அவர் முடிபு. தாம் நம்பாததைப் பிறர்க்குப் போதித்தமைக்கு அவர் வருந்தும் குரலும் நூலுள் கேட்கின்றது. சுருக்கத்தை மட்டும் கற்பார் அவர் மறுப்பினை அறியார். 'நல்லறிவை' அவர் நூலெனக் கொள்வார் அவர்தம் வருத்தத்தையும் பொதுவுடைமை வேட்கையையும் அறியார்.

பெயரின் அதிகாரம் பற்றி எதனையும் ஏற்றல் ஆகாது என்பதே இவ்வறிஞர்கள் உலகிற்கு உணர்த்திய நெறி. அந்நெறியை அவர்தம் நூல்களின் மீதே செலுத்தி, மூலம் எது, சுருக்கம் எது, ஏற்றிக் கூறியது எது எனப் பகுத்துணர்தல் இக்காலக் கற்போர் கடனாம். அவர்தம் கொள்கையை ஏற்பார்க்கும் மறுப்பார்க்கும் அக்கடன் ஒன்றே.